நாலாவதைத் தொடாதீர்கள்

காலையில் வீட்டுத் தொலைபேசி அடித்தது. அம்மா எடுத்தாள். மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவு வரவேற்பிலிருந்து ஒரு பெண் பேசினாள். அறை முழுக்கக் கேட்கும் குரல்.

"சார் இன்னும் வரலையேம்மா. ஏழாம் நம்பர் நாற்காலி காலியா கெடக்கு. கிளம்பிட்டாரா?"

அம்மா அடுப்பை அணைத்தாள். பிறகுதான் பேசினாள்.

"உயிரோட இருந்தப்பவே ஒழுங்கா வராத மனுஷன். செத்து ஒரு மாசம் கழிச்சா வரப் போறாரு?"

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"இல்லம்மா, இங்க அவர் பேருதான்..."

"பேரு எங்க வேணா இருக்கட்டும். ஆளு இல்ல. புரியுதா? இன்னொரு தடவை கூப்பிட்டீங்கன்னா நானே வந்து அந்த நாற்காலில உக்காந்துக்குவேன்."

வைத்துவிட்டாள். மகள் ஒற்றைச் செருப்போடு வாசலில் நின்றாள். விடுப்பு முடிந்து அன்றுதான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா?"

"உன் ஆபீஸ்தான். உங்கப்பாவ வரச் சொல்றாங்க. அன்னிக்கும் ஒருத்தன் கூப்பிட்டான். ராங் நம்பர்னு நெனச்சேன். பேர் சொல்லித்தான் கேட்டான். இருந்தாலும் ராங் நம்பர்னே நெனச்சுக்கிட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவ? கத்துவ."

அவள் கத்தவில்லை. இன்னொரு செருப்பை மாட்டுவதற்குள் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அழித்த பதிவு தானாக எழுந்து வராது. வர ஒரே ஒரு வழிதான் உண்டு. நாலாவதைத் தொட்டிருக்கிறார்கள்.

அவள் அந்த மருத்துவமனையின் கணினிப் பிரிவில் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறவள். பதிவுகள் அங்கே ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஐந்து சர்வர்கள் சேர்ந்து அவற்றைச் சுமக்கின்றன. எந்தப் பதிவானாலும் மூன்று நகல், மூன்றும் வெவ்வேறு சர்வர்களில். ஒன்று படுத்துவிட்டால் மற்றவை தாங்கும். நாலாவது சர்வர் படுத்தது. புதிதாக ஒன்றை வரவழைத்து அதன் இடத்தில் நிறுத்த வேண்டும். புதியது வந்து சேருவதற்குள் அப்பா போய்விட்டார். மேலாளருக்கு ஒரு வரிச் செய்தி அனுப்பிவிட்டு அவள் விடுப்பில் போனாள். நாலாவதைத் தொடாதீர்கள், புதியதை நான் வந்து வைக்கிறேன். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் அவள் நின்றுகொண்டே போனாள்.

அப்பாவுக்குத் தெருவில் மிளகாய் என்று பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை. குளிர்சாதனப் பெட்டி, ஏசி பழுது பார்ப்பவர். மூன்று தெரு தள்ளி இருப்பவர்கள்கூட, "மிளகாயக் கூப்பிடுங்க. ஆனா அவர் வந்தா வாயத் தொறக்காதீங்க" என்றுதான் சொல்லி அனுப்புவார்கள். "இதுக்கு முன்னாடி வந்தவரு வேற மாதிரி சொன்னாரே" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். பையை மூடிவிடுவார். "அப்ப அவரையே கூப்பிடுங்க. அவருக்கும் பசிக்கும்ல?"

வாயு கசிந்துபோன ஏசிக்கு, கசிவைத் தேடாமல் வாயுவை மட்டும் நிரப்பித் தரச் சொல்வார்கள் சிலர். அவர் செய்யமாட்டார். செய்யாததோடு நிற்கவும் மாட்டார். கேட்டவரைப் படிக்கட்டு வரை துரத்திக்கொண்டு வந்து திட்டுவார். அது அவர்கள் வீடு என்பது பாதிப் படியில்தான் நினைவுக்கு வரும்.

சொந்தத் தம்பியோடு பேச்சுவார்த்தை கிடையாது. தம்பி ஏணியை இரவல் வாங்கிப்போய், படி ஒன்றை உடைத்து, சொல்லாமல் கொண்டுவந்து சாத்திவிட்டுப் போனார். அடுத்த நாள் அப்பா அதில் ஏறினார். விழுந்து எழுந்தவர் நேராகத் தம்பி வீட்டுக்குப் போய், ஏணியை அவர் கட்டிலின் மேல் வைத்துவிட்டு வந்தார். அதன் பிறகு இருவரும் ஒரே தெருவில் எதிர் எதிர் ஓரமாக நடந்தார்கள். அப்பா இறந்த அன்று சித்தப்பா வந்தார். எதிர்ப்பக்கமே நின்று அழுதுவிட்டுப் போனார்.

இரத்த அழுத்தம் அவருக்கு வராமல் யாருக்கு வரும்? அது சிறுநீரகத்தைத் தின்றது. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். மகள் வேலை பார்க்கும் கட்டடத்திலேயே, அவளுக்கு மேல் தளத்தில். ஏழாம் நாற்காலியைச் சண்டை போட்டு வாங்கினார். அங்கிருந்து பார்த்தால் வார்டின் ஏசி நேராகத் தெரியும். கையில் ஊசிகள் இருக்க, கருவி இரத்தத்தை இழுத்து அலசித் திருப்பித் தந்துகொண்டிருக்க, அவர் ஏசியைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருப்பார். "சிஸ்டர், சத்தம் கேக்குதா? கம்ப்ரசர் அழுவுது. பதினெட்டுல வெச்சா அது என்ன பண்ணும் பாவம்?"

தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும். அவர் குளிர்பெட்டியைத் திறந்து பனிக்கட்டியை வாயில் அதக்கிக்கொள்வார். மகள் பிடித்துவிட்டால், "ஐஸ் தண்ணியாடி? தொழில் தெரிஞ்சவன்கிட்ட வந்து பேசு. ஐஸ் ஐஸ்தான்."

இப்படிப்பட்டவரைப் பற்றி அழுதுகொண்டே பேச முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேச முடியும்.

மருத்துவமனையில் அவள் நேராகக் கணினிப் பிரிவுக்குப் போகவில்லை. மாடி ஏறினாள். டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே பெஞ்சில் ஒரு நடுவயதுப் பெண் ஒருக்களித்துச் சாய்ந்திருந்தார். முகம் ஊதியிருந்தது. கால் செருப்புக்குள் போகவில்லை. செருப்பைப் பக்கத்தில் கழற்றி வைத்திருந்தார். மூச்சு சின்னச் சின்னதாக வந்தது. கழுத்தில் இன்னும் அளவு நாடா தொங்கியது.

பெரிய சிஸ்டர் வெளியே வந்தார். அவளைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டியா. நல்ல வேளை. உள்ள வந்து பாரும்மா இந்தக் கூத்த."

வார்டில் காலி நாற்காலிகள் இருந்தன. எல்லாமே யாரோ ஒருவருக்காகக் காத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கருவியின் திரையிலும் ஒரு பெயர். ஏழாம் நாற்காலியின் திரையில் அப்பாவின் பெயர்.

அந்த வார்டில் நாற்காலி ஒதுக்குவது மென்பொருளின் வேலை. யாருடைய பதிவு பழையதோ அவருக்கே இடம். திரையில் இருக்கும் ஆளின் கைப்பட்டையைக் காட்டினால்தான் கருவி ஓடும். முன்பெல்லாம் சிஸ்டரே பெயரை மாற்றலாம். தவறு நடந்துவிடும் என்று மேலாளர் அந்த உரிமையைப் பிடுங்கிவிட்டார்.

"வெளிய இருக்கறது தையல்காரம்மா" என்றார் சிஸ்டர். "உங்கப்பா போனப்புறம் இந்த நாற்காலி அவங்களுக்குத்தான் போச்சு. ஒழுங்கா வந்துட்டு இருந்தாங்க. போன தடவை திடீர்னு உங்கப்பா பேரு வந்து உக்காந்துக்குச்சு. கீழ போன் பண்ணா, 'சிஸ்டத்துல இருக்குன்னா இருக்கும்'ங்கறாங்க. மெஷின் கோளாறுன்னு சொல்லி அவங்கள வீட்டுக்கு அனுப்பினோம். இன்னிக்கும் அதே கதை."

"போன தடவையும் மெஷின்ல ஏத்தலையா?"

"ஏத்தல."

"இன்னிக்கு ரெண்டாவதா?"

"ரெண்டாவதுதான். டாக்டர் ரத்தத்த டெஸ்டுக்கு அனுப்பியிருக்காரு. வேற ஆஸ்பத்திரியிலயும் கேட்டுப் பாத்தாச்சு, எங்கயும் இடம் இல்ல." சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு தடவை விட்டா என்ன ஆகும்னு உனக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. அப்பா இரண்டு முறை விட்டார்.

யாரோ ஒரு வாடிக்கையாளரின் குளிர்பதனக் கிடங்கு நின்றுபோயிற்று. உள்ளே கதவு வரை சரக்கு. அப்பா போனார். டயாலிசிஸ் நாள் வந்தது. "கம்ப்ரசரைப் பாதி பிரிச்சுப் போட்டிருக்கேன். அப்படியே விட்டுட்டு எப்படி வரது? நாளைக்கு வரேன்னு சொல்லு." நாளைக்கும் போகவில்லை. உதிரிப் பாகம் வந்து சேரவில்லையாம். மகள் தொலைபேசியில் கத்தினாள். அவரும் கத்தினார். அடுத்த முறையும் ஏழாம் நாற்காலி காலியாகக் கிடந்தது. அதற்கு மறுநாள் கிடங்கின் கதவருகே, கையில் ஸ்பேனரோடு விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. கிடங்கு ஓடத் தொடங்கியிருந்தது. இன்றும் ஓடுகிறது.

இருந்தபோது அந்த நாற்காலியில் வந்து உட்காரச் சொல்லி எத்தனை கெஞ்சல். வரவில்லை. இப்போது வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"சிஸ்டர், போன்கிட்டயே இருங்க. நான் கீழ போய் கூப்பிடுறேன்."

மேலாளருக்குப் பின்னால் எல்லோரும் வைத்திருக்கும் பெயர் பச்சை விளக்கு. திரையில் எல்லாம் பச்சையாக இருந்தால் அவருக்கு உலகத்தில் ஒரு குறையும் இல்லை. அவள் உள்ளே வந்ததும் முகத்தில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டார்.

"வாம்மா, வா. மனசத் தேத்திக்கிட்டியா?"

"நாலாவத யாரு போட்டது?"

"உக்காரு மொதல்ல."

"யாரு போட்டது சார்?"

மூலையில் சர்வர்களைப் பழுது பார்க்க வரும் ஒப்பந்தக்காரர் மடிக்கணினியோடு இருந்தார். அவர் கையைப் பாதி தூக்கினார், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையனைப் போல. "பவர் சப்ளைதான் மேடம் போயிருந்துச்சு. மாத்தினேன். பட்டன அமுக்கினதும் ஜம்முனு எழுந்துடுச்சு."

"அதான் பாரேன்" என்றார் மேலாளர். "நீ என்னமோ பயமுறுத்தின. எல்லாம் பச்சையா இருக்கு."

"பச்சையாத்தான் இருக்கும். பொய் சொல்றவன் மூஞ்சி வாடுமா?"

"என்னம்மா இப்படிப் பேசற?"

"மேல ஒரு அம்மா ரெண்டாவது தடவையா டயாலிசிஸ் இல்லாம உக்காந்திருக்காங்க. அவங்க நாற்காலில எங்கப்பா உக்காந்திருக்காரு. தெரியுமா உங்களுக்கு?"

மேலாளருக்குப் புரியவில்லை. துக்கத்தில் இவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஒப்பந்தக்காரரைப் பார்த்தார். அவள் நின்றபடியே சொன்னாள்.

"சார், ஒருத்தர் போயிட்டாருன்னு சிஸ்டர் அவர் பதிவ அழிக்கிறாங்க. அழிச்ச உடனே அது காணாமப் போகாது. 'இவர் இல்ல'ன்னு ஒரு குறி விழும். அந்தக் குறி எல்லா சர்வருக்கும் போய்ச் சேரணும். அதுக்குன்னு சில நாள் குடுத்திருக்கோம். அப்புறம் குறியையும் துடைச்சிடும். எல்லாருக்கும் சேதி போயாச்சு, இனிமே குறி எதுக்கு?"

"சரி."

"நாலாவதுக்குச் சேதி போகல. அது அப்பவே படுத்துடுச்சு. குறி வந்ததும் தெரியாது, துடைச்சதும் தெரியாது. அதப் பொறுத்தவரைக்கும் எல்லாரும் உயிரோட இருக்காங்க. நீங்க அத எழுப்பி நடுவுல உக்கார வெச்சுட்டீங்க. 'இவர் இருக்காரே, உங்ககிட்ட ஏன் இல்ல?'ன்னு மத்ததுக்கெல்லாம் எடுத்துக் குடுத்துடுச்சு. மறுத்துப் பேச அதுங்ககிட்ட குறி இல்ல. நம்பிடுச்சுங்க. அத்தன நாள் படுத்துக் கெடந்ததத் திருப்பி எழுப்பக் கூடாது. தூக்கிப் போட்டுட்டு, அந்த இடத்துல வேற ஒண்ண ஒண்ணும் தெரியாத ஆளா உள்ள விடணும். அது மத்ததுங்ககிட்ட கேட்டுக் கத்துக்கணும். இதுக்குத்தான் தொடாதீங்கன்னு எழுதினேன்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏன்னு நீ எழுதலையே."

அவள் மேசையில் கையை ஊன்றினாள்.

"எங்கப்பா பொணம் வீட்ல இருந்துச்சு சார். விளக்கமா எழுத நேரம் இல்ல."

மேலாளர் பேச்சை மாற்றுவதில் கெட்டிக்காரர். "சரி, ஆனது ஆச்சு. மத்தியானம் வெளியிலேருந்து ஆளுங்க வராங்க, நம்ம வார்டு சிஸ்டத்தப் பாக்க. அவங்க போனதும் சாயந்திரமா பண்ணிக்கலாம். அதுவரைக்கும் சிஸ்டர கையால மாத்திக்கச் சொல்லு."

"கையால மாத்துற உரிமைய எடுத்தது யாரு?"

"அது... நாங்கதான்."

"நாங்க இல்ல. நீங்க."

"சரிம்மா, நான்தான். உரிமையத் திருப்பிக் குடுக்கணும்னா மேலிடத்துக்கு எழுதணும். இப்ப நாலாவத நிறுத்தினா திரையில சிவப்பு வரும். அவங்க பாத்தா என்ன நெனைப்பாங்க?"

அவள் சர்வர் அறைக் கதவைத் திறந்துகொண்டு போனாள். உள்ளே குளிர் முகத்தில் அறைந்தது. நாலாவதின் முன்விளக்கு பச்சையாக, ஒன்றுமே அறியாததுபோல மினுக்கிக்கொண்டிருந்தது. பின்பக்கம் போய் அதன் வலைப்பின்னல் வடங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பிறகு மின்வடத்தையும்.

வெளியே மேலாளரின் குரல் கேட்டது. "ஐயையோ, சிவப்பு."

நாலாவதை நிறுத்தினால் மட்டும் போதாது. அது சொன்னதை மற்ற நான்கும் நம்பி எழுதிக்கொண்டுவிட்டன. யார் யார் எழுந்து வந்தார்கள் என்று கண்டுபிடித்து மறுபடி அழிக்க வேண்டும். நாலாவதை எழுப்புவதற்கு முந்தைய நாளின் காப்பு நகலை எடுத்து, இன்றைய பதிவுகளோடு பொருத்திப் பார்த்தாள். அன்று இல்லாமல் இன்று இருப்பவர்கள். ஆனால் பதிவான தேதியோ மாதக்கணக்கில் பழையது. திரை நிறையப் பெயர்கள். யாரையும் நம்பி அழிக்க முடியாது. தொலைபேசியில் சிஸ்டரைப் பிடித்து ஒவ்வொரு பெயராகப் படித்தாள்.

"போயிட்டாரு" என்றார் சிஸ்டர். அடுத்த பெயர். "போயிட்டாங்க. பாவம், சின்ன வயசு." அடுத்தது. "இவங்க வேற ஊருக்கு மாத்திக்கிட்டாங்க. இங்க வேணாம்." அடுத்தது. "இவரா? இவருக்கு அக்கா கிட்னி குடுத்து, போன வாரம் வந்து எல்லாருக்கும் வணக்கம் சொல்லிட்டுப் போனாரு. ஜோரா இருக்காரு. எடுத்துடு."

"ஒருத்தராவது நல்லா இருக்காரே."

"ஆமா. அதுவும் வாயாடி வேற."

அடுத்த பெயரை அவள் படிக்கவில்லை.

"ஹலோ? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"அடுத்தது யாரு?"

"ஏழாம் நாற்காலி."

"அதுக்கு நான் சொல்லணுமாம்மா?" என்றார் சிஸ்டர்.

"எல்லாருக்கும் கேட்ட மாதிரி கேக்கறேன். சொல்லுங்க."

"போயிட்டாரு."

அடையாளம் போட்டாள். பட்டியல் முடிந்தது. ஒப்பந்தக்காரர் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். திரையில் இருந்த பெயரையும் அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் அவள் பெயருக்குப் பின் இருந்த பெயரையும் பார்த்துவிட்டார் போலிருக்கிறது.

"மேடம், நான் வேணா அமுக்கட்டுமா? நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க."

"நீங்க அமுக்கின வரைக்கும் போதும்."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அப்பாவைத் தனியாக எடுத்து வைத்து மரியாதை செய்ய நேரமில்லை. மற்றவர்களோடு சேர்த்தே ஆணையை எழுதினாள். நான்கு சர்வர்களும் கேட்டுக்கொண்டன என்று உறுதி சொன்னால் ஒழிய முடிந்ததாகக் கொள்ளக் கூடாது என்று அதில் சேர்த்தாள். விரலை வைத்தாள். விரல் நின்றது.

"எழுந்திருப்பா" என்றாள். சத்தமாகவே சொன்னாள், நெரிசலில் இடம் கொடுக்காமல் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வதுபோல. "ஒரு அம்மா நிக்க முடியாம இருக்காங்க. எழுந்திரு."

அமுக்கினாள். நான்கும் சரி என்றன.

மேலே ஏழாம் நாற்காலியின் திரையில் பெயர் மாறியதைச் சிஸ்டர் தொலைபேசியிலேயே கத்திச் சொன்னார். உடனே போனை வைத்துவிட்டார். அவருக்கு அதைவிட முக்கியமான வேலை இருந்தது.

அவளுக்கும் இருந்தது. நான்கு சர்வர்கள் ஐந்தின் சுமையைத் தூக்கிக்கொண்டிருந்தன. இன்னொன்று படுத்தால் வார்டே நின்றுவிடும். இதற்குள் வந்து சேர்ந்திருந்த புதிய சர்வர் அட்டைப்பெட்டியைவிட்டு வெளியே எடுக்கப்பட்டு, சட்டத்தில் பொருத்தப்பட்டிருந்தது. அவள் பட்டியலோடு போராடிக்கொண்டிருந்த நேரத்தில், தன் தவறைச் சரிக்கட்ட ஒப்பந்தக்காரர் செய்த வேலை.

"செட்டிங்ஸ்கூட போட்டுட்டேன் மேடம்" என்றார். "ஆன் பண்ண வேண்டியதுதான் பாக்கி."

"எந்த செட்டிங்ஸ்?"

"பழைய நாலாவதோடதையே அப்படியே எடுத்துப் போட்டேன்."

அவர் கை பொத்தானுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். மடிக்கணினி கீழே விழப் பார்த்தது.

"அறிவிருக்கா உங்களுக்கு?"

"மேடம்..."

"உள்ள ஒரு பேர்ப்பட்டியல் இருக்கு, பாத்தீங்களா? புதுசா வரவன் யாரப் போய் விசாரிக்கணும்ங்கற பட்டியல். நாலாவது இங்க பெரியாளு, அதனால அது பேரும் அதுல இருக்கு. நீங்க அப்படியே போட்டா இது என்ன நெனைக்கும்? பெரியவரே நாமதானேன்னு நெனைக்கும். யாரையும் கேக்காது. எதையும் வாங்கிக்காது. வெறும் வயித்தோட வந்து உக்காந்துக்கிட்டு, எல்லாம் தெரிஞ்ச மாதிரி பதில் சொல்லும். 'இந்த நோயாளியா? அப்படி யாரும் இல்லையே'ன்னு சொல்லும். அன்னிக்கு செத்தவங்கள எழுப்பினீங்க. இப்ப உயிரோட இருக்கறவங்கள இல்லேன்னு சொல்லப் போறீங்க."

ஒப்பந்தக்காரர் முகம் வெளிறியது. அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான். கெட்ட மனிதர் இல்லை. அது அவளுக்கு இன்னும் கோபத்தைத் தந்தது. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

பட்டியலிலிருந்து நாலாவதின் பெயரை நீக்கினாள். இறந்துபோன நாலாவதின் இடத்துக்கு வருகிறாய், அதன் பங்கை மற்றவர்களிடம் கேட்டு வாங்கு, வாங்கி முடிக்கும் வரை யாருக்கும் பதில் சொல்லாதே என்ற ஆணையைச் சேர்த்தாள். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். பிறகு தானே பொத்தானை அமுக்கினாள். மூன்றாவதிலிருந்தும் ஐந்தாவதிலிருந்தும் பதிவுகள் அதற்குள் வழியத் தொடங்கின. மெதுவாகத்தான் வரும். அவசரப்படுத்தினால் கொடுப்பவர்கள் களைத்துவிடுவார்கள்.

மேலாளர் தலையை நீட்டினார். "இன்னும் சிவப்பாவே இருக்கேம்மா."

"மஞ்சள் ஆகும். அப்புறம் பச்சை. வரவங்ககிட்ட சொல்லுங்க, வேலை நடக்குதுன்னு."

"என்ன வேலைன்னு கேட்டா?"

"உங்க வேலைய நான் பாத்துக்கிட்டிருக்கேன்னு சொல்லுங்க."

மேலாளர் முகம் சுருங்கியது. "லீவ இன்னும் கொஞ்ச நாள் நீட்டியிருக்கலாம் நீ. உன் நல்லதுக்குச் சொல்றேன்."

"நீட்டியிருந்தா மேல இன்னிக்கு ஒரு உயிர் போயிருக்கும்."

அவர் அதன் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

பாதிக்கு மேல் நிரம்பியதும் அவள் மாடிக்குப் போனாள். தையல்காரம்மா ஏழாம் நாற்காலியில் சாய்ந்திருந்தார். குழாய்களில் இரத்தம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. மூச்சு நீளமாகியிருந்தது. அவளைப் பார்த்ததும் கண்ணை இடுக்கினார்.

"நீதான் கம்ப்யூட்டர் பொண்ணா?"

"ஆமாங்க."

"நல்லா நடத்துறீங்க ஆஸ்பத்திரி. போன தடவை மெஷின் கோளாறுன்னீங்க. இன்னிக்கு என்னடான்னா யாரோ ஒருத்தர் வரணுமாம், அவர் வராதவரைக்கும் நாற்காலி குடுக்க மாட்டாங்களாம். யாரு அந்த மகராசன்? அவர் வரவும் இல்ல, எங்களுக்கு விடவும் இல்ல."

அவள் கருவியின் திரையில் இருந்த பெயரைப் பார்த்தாள்.

"இப்படி நாய் மாதிரி காக்க வெச்சா எவ வருவா? கடையில துணி மலையாக் கெடக்கு. நான் இல்லேன்னா மெஷின் ஓடாது. அடுத்த தடவை நான் வரப் போறதில்ல. சொல்லிட்டேன். ஒரு தடவை விட்டா ஒண்ணும் ஆயிடாது."

"வரணும்" என்றாள் அவள்.

"வரலேன்னா?"

"வரணும்னு சொல்றேன்ல?" குரல் தானாக உயர்ந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பினார். "துணி கெடக்கட்டும். தைக்காத துணி ஒண்ணும் சாகாது. வேலை பாதியில நிக்குதுன்னு ஒரு தடவை விடுவீங்க. அப்புறம் இன்னொரு தடவை. அந்த வேலை முடிஞ்சுடும். நல்லாவே முடிஞ்சுடும். நீங்க இருக்க மாட்டீங்க. வீட்ல இருக்கறவங்க போன எடுத்து எடுத்து இல்ல இல்லன்னு சொல்லிட்டு உக்காந்திருக்கணும். வராம இருந்து பாருங்க, வீட்டுக்கே வந்து இழுத்துட்டு வரேன்."

சிஸ்டர் ஓடி வந்தார். அவள் தோளில் கை வைத்தார். தையல்காரம்மா அசையவில்லை. ஊசி குத்தியிருந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற கையால் அவளைக் கிட்டே வரச் சொல்லிச் சைகை காட்டினார்.

"மெரட்டுறியா?"

"ஆமா. மெரட்டுறேன்."

தையல்காரம்மா அவள் முகத்தையே பார்த்தார். யார் போனது என்று கேட்கவில்லை. பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"சரி. வரேன். வந்தா நாற்காலி இருக்குமா?"

"இருக்கும்."

"நீ சொல்லி என்ன. அந்த மெஷின் சொல்லணுமே."

அது சரிதான். அவள் படியிறங்கிப் போனாள். சர்வர் அறையில் ஒரு நாற்காலியை இழுத்து, புதிய நாலாவதற்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. முழுவதும் வந்து சேரும் வரை எழுந்திருப்பதாக இல்லை.